12 ஆயிரம் ரூபாய்க் கணக்கு

“என்னடா இது, லாரி நின்னு நின்னு போகுது? டீசல்ல தண்ணி கலந்துட்டானா?”

தாத்தா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பேரனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் அவன் ஓட்டிக்கொண்டிருந்த லாரி, வளைவில் திரும்பும்போது இரண்டு வினாடி அப்படியே உறைந்து நின்றது. மறுபடி உயிர் வந்தபோது சாலையோரத் தடுப்பில் மோதியிருந்தது.

குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. ஹாலில் ஜன்னலை ஒட்டி அந்தப் பழைய கம்ப்யூட்டர். அப்பா ஹார்டுவேர் கடையில் கணக்கர். ஹார்டுவேர் என்றால் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கிற கடை. 2013-ல் டேலி போடுவதற்காக அங்கே அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. கடைக்குப் புதிது வந்ததும், சம்பளத்தில் 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டு பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டார்கள்.

பையன் விளையாடுவது யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. செக் குடியரசின் பிராக் நகரில் இருக்கும் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட விளையாட்டு. சுடுவது, வெட்டுவது கிடையாது. ஐரோப்பிய ஊர்களுக்கு இடையே சரக்கு லாரி ஓட்ட வேண்டும். சிக்னலை மீறினால் அபராதம், வேகமாகப் போனால் அபராதம். அரசு விரைவுப் பேருந்தில் 28 வருடம் சென்னை - நாகர்கோவில் தடத்தில் ஓட்டிய தாத்தாவுக்கு இந்த ஒரு விளையாட்டு மட்டும் புரிந்தது. பேரன் உட்கார்ந்தால் அவரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

2024 மே மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. மார்க் நன்றாகவே இருந்தது. பையன் ஒரு தாளை நீட்டினான். புது கேமிங் கம்ப்யூட்டருக்கான பட்டியல். மொத்தம் 70 ஆயிரம்.

அப்பா தாளைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “பிளஸ் ஒன் ஃபீஸ், புக்ஸ், யூனிஃபார்ம் போக சீட்டுப் பணத்துல 12 ஆயிரம் மிஞ்சும். அதுக்குள்ள என்ன முடியும்னு பாரு. அதுக்கு மேல ஒரு ரூபா கேட்காத.”

பையன் அதற்கும் தயாராக இருந்தான். “அப்படின்னா 12 ஆயிரத்துக்கும் ஒரே நல்ல கிராஃபிக்ஸ் கார்டா போட்டுடலாம்பா.”

“எந்தக் கணக்குல நஷ்டம்னு பார்த்தியா?”

பையனுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குக் கம்ப்யூட்டரின் உள்பக்கம் தெரியாது, கணக்கு தெரியும். “கடையில நஷ்டம்னா மொத்தக் கடையையும் மாத்த மாட்டாங்க. எந்தச் சரக்குல பணம் முடங்கியிருக்குன்னு முதல்ல பார்ப்பாங்க. உன் மெஷின்ல எது முடங்கியிருக்கு?”

அன்று ராத்திரி பையன் அதைப் பார்த்தான். விளையாட்டை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். ராம் 95. ப்ராசஸரோடு சேர்ந்து வந்த கிராஃபிக்ஸும் திணறிக்கொண்டிருந்தது. நண்பர்கள் எல்லோரும் “இதைத் தூக்கிப் போடுடா” என்று சொன்ன ப்ராசஸர், ஐ5 - 3470, பாவம், 60-ஐத் தாண்டவில்லை. அதில் நான்கு கோர் இருக்கிறது; இந்த விளையாட்டுக்கு அது போதும்.

லாரிக்கு இருந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு நோய் என்று அப்போதுதான் தெரிந்தது. எப்போதும் மெதுவாகவே நகர்வதற்குக் காரணம் கிராஃபிக்ஸ். வினாடிக்கு 14, 15 ஃப்ரேம்தான் வந்துகொண்டிருந்தது. திடீரென்று உறைந்து நிற்பதற்குக் காரணம் வேறு. 4 ஜிபி ராம் நிரம்பி வழிந்து, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. 12 ஆயிரத்துக்கு கார்டு வாங்கிப் போட்டிருந்தால், அழகான படத்தோடு நின்று நின்று போயிருக்கும்.

முதல் வைத்தியத்துக்குக் காசே ஆகவில்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வைத்து கேபினெட்டைத் திறந்தார்கள். உள்ளே 11 வருடத் தூசு, இரண்டு பல்லி முட்டை ஓடு. கடையிலிருந்து அப்பா கொண்டுவந்த பெயின்ட் பிரஷ்ஷால் பையன் ஃபேனைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டினான். ப்ராசஸர் மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. 150 ரூபாய்க்குப் புதுப் பேஸ்ட் வாங்கி, பட்டாணி அளவு வைத்து மூடினார்கள். விளையாடும்போது 92 டிகிரிக்குப் போன சூடு 66-ல் நின்றது. சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தத் தொல்லை அன்றோடு போனது.

“பார்த்தியா? 12 ஆயிரத்துல 150தான் போயிருக்கு” என்று அப்பா சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நோட்டில் வராத செலவு ஒன்று ஏற்கெனவே ஆகியிருந்தது.

சில்லறைச் சாமான்களுக்கென்று அப்பா முன்கூட்டியே கொடுத்த 2,000 ரூபாய் அவனிடம் இருந்தது. பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில், 3,500 ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு விளம்பரம் பார்த்தான். மற்ற எல்லோரும் 5,000 சொல்கிற கார்டு. “நிறைய பேர் கேட்கிறாங்க தம்பி, 1,000 அட்வான்ஸ் போட்டா உனக்கு எடுத்து வைக்கிறேன்” என்றது போனில் வந்த குரல். நண்பனின் அண்ணனிடம் ரொக்கம் கொடுத்து அவர் போனிலிருந்து பணம் அனுப்பினான். அரை மணி நேரத்தில் விளம்பரத்தைக் காணவில்லை. அந்த நம்பரும் போகவில்லை.

நான்கு நாள் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வெயில் சூடு என்று நினைத்து மோர் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ரிச்சி ஸ்ட்ரீட் போவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் அப்பா பணத்தை எண்ணி கவரில் போட்டார். “உன்கிட்ட இருக்கிறதுல 1,850 மிச்சம் இருக்கணும், கொண்டா.”

பையன் 850 ரூபாயை வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாத்தா கண்ணைக் காட்டி நிறுத்தினார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “எழுது. தேதி போட்டு, 1,000 ரூபாய், ஏமாந்ததுன்னு எழுது.”

“அப்பா…”

“ஏமாந்தது தப்பில்ல. எனக்கும் ஆகியிருக்கு. நாலு நாள் மறைச்ச பாரு, அதுதான் தப்பு. எழுதாத செலவு இருந்தா கணக்கு என்னைக்கும் டேலி ஆகாது.”

பையன் எழுதினான். 12 ஆயிரம் உயரவில்லை. இனி கையில் இருப்பது 10,850.

மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ஆட்டோ. நரசிங்கபுரம் தெரு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் கேபிளும் கீபோர்டும் பழைய லேப்டாப்புகளுமாக இரண்டு பக்கமும் கடைகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், பையன் சொன்ன பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார்.

“என்ன போர்டு தம்பி?”

“ஹெச்61 ணா.”

“அப்ப நீ கேட்கிற என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. மாட்டவே முடியாது. அதுக்கு போர்டுல இடமே இல்ல. சாதா சாட்டா எஸ்.எஸ்.டி. போடு. இந்த போர்டுல அதுவும் பாதி வேகம்தான் வரும். ஆனா உனக்கு அது போதும். ஹார்ட் டிஸ்க்குன்னா தட்டு சுத்தணும், ஊசி நகர்ந்து தேடணும். இதுல தேடுறதே இல்ல. தொட்டா எடுத்துடும்.”

480 ஜிபி, புதிது, 2,700 ரூபாய்.

கார்டு, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 4 ஜிபி. 2016-ல் வந்தது. செகண்ட் ஹேண்டில் 5,000. இதைவிட வேகமான பழைய கார்டுகள் அதே விலைக்கு இருந்தன. கடைக்காரர் வேண்டாம் என்றார். “அதெல்லாம் கரன்ட் குடிக்கும். இது 75 வாட்தான். அதை போர்டுல இருக்கிற ஸ்லாட்டே கொடுத்துடும், தனி ஒயர் வேண்டாம்.”

பையன் தயங்கித் தயங்கி, “ஜி.பி.யூ. இசட் போட்டுக் காட்டுவீங்களா?” என்றான். ஏமாந்த ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தது அது. பழைய மட்டமான கார்டுகளில் பெயரை மட்டும் மாற்றி 1050 டி.ஐ. என்று விற்பது உண்டு. விண்டோஸில்கூட அந்தப் பொய்ப் பெயர்தான் தெரியும். இந்த இலவச சாஃப்ட்வேர் சிப்பைப் பார்த்துப் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் கோபப்படவில்லை. மாட்டி, காட்டி, கால் மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு, பில்லில் ஒரு மாத வாரன்டி என்று எழுதியும் கொடுத்தார். அப்பா மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். நல்ல கம்பெனி 450 வாட், 2,300 ரூபாய். இங்கேதான் அப்பா முரண்டு பிடித்தார். “இருக்கிறதே 450 வாட்டுன்னுதானே போட்டிருக்கு?”

கடைக்காரர் மூலையில் கிடந்த ஒரு பழைய லோக்கல் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து அப்பாவின் ஒரு கையிலும், புதியதை மறு கையிலும் கொடுத்தார். பழையது காலி டப்பா மாதிரி இருந்தது. “ஸ்டிக்கர்ல என்ன வேணா ஒட்டலாம் சார். இது போனா தனியா போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகும்.”

ராம், டி.டி.ஆர்.3, 8 ஜிபி ஒன்று 800 ரூபாய். பையனுக்கு இரண்டு வேண்டும். ஒரே அளவில் இரண்டு போட்டால் இரட்டைப் பாதையில் ஓடும், வேகம் கூடும். ஆனால் கூட்டிப் பார்த்தால் 11,600. கையில் 10,850. சரியாக அந்த 1,000 ரூபாய் இல்லாத இடத்தில் இடித்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை விட்டுவிடலாமா என்று பையன் முனகினான். அப்பா கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, இந்த கம்ப்யூட்டர் இன்னும் எத்தனை வருஷம் வரும்?”

“உண்மையைச் சொல்லணும்னா, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் அப்டேட். விண்டோஸ் 11-க்கு இந்த ப்ராசஸரை ஏத்துக்க மாட்டான். இன்டெல்லுல எட்டாம் தலைமுறையிலேர்ந்துதான். அதுக்கப்புறம் இதுல பேங்க் வேலை எல்லாம் செய்யாதீங்க. கேம் ஓடும்.”

“அப்புறம் வேற வாங்கினா, இதுல எதெல்லாம் அதுக்குப் போகும்?”

“எஸ்.எஸ்.டி. போகும், எஸ்.எம்.பி.எஸ். போகும், கார்டும் போகும். ராம் மட்டும் போகாது. இப்ப வர்றதெல்லாம் டி.டி.ஆர்.4, 5.”

அப்பா அதோடு முடித்துக்கொண்டார். “அப்ப ராம் ஒண்ணே ஒண்ணு போதும். பழைய 4 ஜிபியும் இருக்கட்டும். கூட வராத பொருளுக்கு எதுக்கு அதிகம் செலவு?”

மொத்தம் 12 ஜிபி. பில் 10,800. மீதி 50 ரூபாய்க்கு ரோட்டோரம் ஆளுக்கு ஒரு டீ, ஒரு பன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டி முடிக்க மணி ஏழு. கடைசியாக மானிட்டர் ஒயரை எடுத்த பையன் அப்படியே நின்றுவிட்டான். கடையில் கழித்துப் போட்ட மானிட்டரில் இருந்தது நீல நிற வி.ஜி.ஏ. ஒயர். புதுக் கார்டில் அதற்குத் துளையே இல்லை. பட்டியலில் எல்லாம் இருந்தது. மானிட்டரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் ஒரு சின்னக் கன்வெர்ட்டர், பக்கத்துத் தெருக் கடையில் 250 ரூபாய். நோட்டில் ஒரு பைசா பாக்கி இல்லை. அப்பா வாயைத் திறக்கும் முன் தாத்தா சட்டைப்பையில் கைவிட்டார். “இது என் டிக்கெட். நோட்டுல எழுதிக்கோ.”

கம்ப்யூட்டர் போட்ட அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் தாத்தா மாத்திரை போட்டு, வெந்நீர் குடித்து முடிப்பார். பழைய மானிட்டரின் திரை சிறியது என்பதும் நல்லதாகப் போயிற்று. கார்டுக்கு வரைய வேண்டிய வேலை குறைவு. வினாடிக்கு 60 ஃப்ரேம், வளைவிலும் குறையவில்லை.

லாரி கிளம்பியது. ஈரச் சாலையில் விளக்கு வெளிச்சம் மின்னியது. தாத்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு பதறிப்போய் அவன் தோளைத் தட்டினார்.

“டேய், என்னடா ராங் சைடுல போற!”

“ஜெர்மனி தாத்தா. அங்க ரைட் சைடுலதான் போகணும்.”

“28 வருஷம் லெஃப்ட்ல ஓட்டினவனை இதைப் பார்க்கச் சொல்றியே…”

பையன் யோசித்தான். மெனுவுக்குப் போய், வண்டியை லண்டனுக்கு மாற்றினான். அங்கே நம் ஊர் போலவே இடது பக்கம். கீபோர்டைத் தாத்தாவின் மடியில் வைத்து, எந்த விசை பிரேக், எந்த விசை இண்டிகேட்டர் என்று காட்டினான்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா நோட்டில் கடைசி வரியை எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். 12,250. தாத்தாவின் டிக்கெட் போக, 12 ஆயிரம். ஏமாந்த 1,000 உட்பட, கணக்கு டேலி.