மழையில்லாத இரவில் ஒழுகிய கூரை

"ராத்திரி மழையே பெய்யவில்லையே! உம்மாவின் போர்வை எப்படி நனைந்தது?"

2023 ஜனவரியில் ஒருநாள் சுபஹுக்கு எழுந்தபோது மனைவி கேட்ட கேள்வி இது. தகரத்தில் ஓட்டை இருக்கும் என்றேன். பாஸை அழைத்து ஆணித் தலைகளுக்கெல்லாம் தார் பூசினோம். இரண்டு முறை பூசியும் ஒழுக்கு நிற்கவில்லை.

நான் கல்முனைப் பக்கம் பிறந்தவன். வெயில் தெரியும், நுவரெலியாவின் குளிர் தெரியாது. 6,000 அடிக்கு மேலுள்ள இவ்வூரில் வருடத் தொடக்கத்தில் சில விடியற்காலைகளில் புல்லிலே உறைபனி படிந்திருக்கும். உம்மாவுக்கோ ஆஸ்துமா. அவரது அறையில் சூடு தங்கட்டும் என்று முந்திய வருடம் சீலிங்குக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். அதோடு விட்டேனா? கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றோடிய துவாரங்களையும் பலகையால் அடைக்கச் சொன்னேன். பாஸ் வேண்டாமென்றார். நான் கேட்கவில்லை.

மனைவி ஒழுகிய நாட்களைக் கலண்டரில் குறித்து வந்தார். மழை நாட்களில் குறியே இல்லை. வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்த இரவுகளின் மறுநாள்தான் குறி!

சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பாருங்கள் சகோதரிகளே, அடியில் முத்து முத்தாக நீர் நிற்கும். எங்கள் தகரத்திலும் நடந்தது அதுதான். அடுப்பின் ஆவி, குளியலறை ஈரம், நம் மூச்சு எல்லாம் சீலிங்கில் மின்கம்பி நுழையும் ஓட்டைகளால் மேலேறுகின்றன. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடுகிறது. ஈரக் காற்று அதைத் தொட்டதும் நீராகிச் சொட்டுகிறது. முன்பு வீட்டுச் சூடு கொஞ்சம் மேலே கசிந்து தகரத்தை எட்டும். துவாரக் காற்று ஈரத்தை அள்ளிச் செல்லும். சூட்டைப் பஞ்சு தடுத்தது, அதற்காகத்தானே போட்டோம். காற்றைத் தடுத்தவன் நான்.

பலகைகளைக் கழற்றி, எலி புகாதபடி கம்பி வலை அடித்தோம். சீலிங் ஓட்டைகளை அடைத்தோம். நனைந்த பஞ்சு சூட்டைக் காக்காது. அதை அகற்றியபோது சீலிங் பலகையில் கறுப்பாகப் பூஞ்சணம். அதன் கீழேதான் உம்மா மாதக்கணக்கில் மூச்சு விட்டிருக்கிறார். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னார்.

அடுத்த வருடக் கலண்டரில் இரண்டே குறிகள். இரண்டும் நான் அடுப்படியில் ஈர ஜுப்பாவைக் காயப்போட்ட இரவுகளாம்.