பஸ்ஸுக்குள் இரண்டு மணித்தியாலம்



பதிவு கொஞ்சம் நீளம். எல்லக்குப் போய் வந்த கதை என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினாலும் பரவாயில்லை, அதுவும் இருக்கிறது. ஆனால் எழுத வந்தது நாங்கள் செய்த ஒரு பிழையை.

நாங்கள் என்றால் ராத்தாவும் நானும். ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். ஊரில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாவிட்டாலும், "அந்த ரெண்டு பெரிய டீச்சர்மார்" என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டிவிடும். ராத்தா 112 கிலோ. எங்களில் இளையவள் 104. மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடத்துக்கு முந்தி பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை எல்லக்கு ட்ரிப் கூட்டிப் போனோம். லிட்டில் அடம்ஸ் பீக் ஏறுவதாகத் திட்டம். பஸ் கீழே நின்றதும் பிள்ளைகள் எல்லாரும் குதித்து இறங்கினார்கள். நாங்கள் ஏறுவதாக இல்லை. எந்த ட்ரிப்பிலும் எங்களுடைய வேலை பஸ்ஸில் இருந்து பேக் பார்ப்பதுதான். அந்தக் கூட்டத்தில் எங்களைப் போல உடம்புள்ள ஒரு பிள்ளையும் இருந்தாள். அவளும் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கப் போனாள்.

"ஏலா புள்ள, நீங்க எங்களோட இரிங்க. பாதியில ஏறேலாம போனா பெரிய கரச்சல்" என்றோம். இரண்டு பேரும்தான் சொன்னோம். யார் முதலில் சொன்னது என்று இப்போது வீட்டுக்குள் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் போய் இருந்தாள். இரண்டு மணித்தியாலம். நாங்கள் பற்றிஸ் கொடுத்தோம், கதை சொன்னோம், சிரிக்க வைத்தோம். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். மற்றப் பிள்ளைகள் முகம் சிவக்க இறங்கி வந்து ஃபோனில் படங்களைக் காட்டினார்கள். அவள் எல்லாப் படத்தையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ட்ரிப்புக்கும் அவள் பெயர் கொடுக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய உம்மாவைக் கண்டு கேட்டோம், ஏன் மகளை அனுப்பவில்லை என்று. "டீச்சர்மாரே ஏலாண்டு சொன்ன பொறகு நான் என்னத்த சொல்ற?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரியாணிச் சஹன் வந்துவிட்டது, பேச்சு அதோடு நின்றது. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று இரவு ராத்தா கேட்டா, "அந்தப் புள்ளைக்கு ஏலாண்டு நமக்கு என்னெண்டு தெரியும்?"

தெரியாது. எங்களுக்கு ஏலுமா ஏலாதா என்பதே தெரியாது. நாங்கள் ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.

அதைப் பார்க்கத்தான் போன லீவில் நாங்கள் இரண்டு பேரும் எல்லக்குப் போனோம். தம்பி வேனை ஓட்டினார். ஸுபஹு தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து வெளிக்கிட்டு, பொத்துவில், லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தளை, வெல்லவாய என்று போய், வெல்லவாயவில் இருந்து மலை ஏறினோம்.

போக முந்தியே பாதி யுத்தம் முடிந்திருந்தது. ரூம் தேடின கதையைச் சொல்கிறேன். எல்ல சின்ன டவுன். கிட்டத்தட்ட 1,000 மீற்றர் உயரத்தில், சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிற ஊர். அங்கே ஒரு ரூமுக்கு "வியூ" இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். படிக்கட்டு இருக்கிறது என்று அர்த்தம். வியூ நன்றாக இருக்க இருக்கப் படியும் கூடும். ஐந்து இடத்துக்குக் கோல் எடுத்து மூன்று கேள்வி கேட்டோம். ரோட்டில் இருந்து ரூமுக்கு எத்தனை படி? பாத்ரூமில் கொமட்டா, குந்துகிறதா? கட்டில் பலகையா, இரும்புக் கம்பியா? ஒருவர் சிரித்தார். ஒருவர் "எத்தனை பேர் படுக்கப் போறீங்க?" என்று கேட்டார். ஐந்தாவதாக எடுத்த ஒரு சிங்கள அம்மாதான், "படி இல்லை, வியூவும் இல்லை, கட்டில் எங்கட அப்பா காலத்து முதிரைக் கட்டில்" என்றா. அல்ஹம்துலில்லாஹ். வியூவை வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடி இல்லாத மரக்கதிரை இரண்டைத் துடைத்து ரூமுக்குள் வைத்திருந்தா. நாங்கள் கேட்கவில்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டு எழும்பும்போது கதிரையும் சேர்ந்து எழும்புகிற வெட்கம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். எல்லயில் பாதிக் கடைகளில் அந்தக் கதிரைதான். மீதியில் பீன் பேக். அதில் இறங்கலாம், எழும்ப ஆள் வேண்டும். முழங்கால் வலியால் ராத்தா கதிரையில் இருந்துதான் தொழுவா, அதற்கும் அந்த மரக்கதிரைதான் உதவியது.

முதல் நாள் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. கல், செங்கல், சீமெந்து மட்டும், இரும்பு கிடையாது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். வழக்கமாக ஆட்கள் எல்ல ஸ்டேஷனில் இருந்து தண்டவாளத்தால் நடந்து போவார்கள், இல்லாவிட்டால் பசறை ரோட்டால் ஓட்டோவில் போய் ஒரு செங்குத்தான பாதையால் இறங்குவார்கள். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே கால் வைப்பது எங்கள் முழங்காலுக்குச் சரிவராது. ஆகவே நாங்கள் பாலத்தைப் பார்க்கப் போகவில்லை, பாலத்தின் மேலால் போனோம். எல்லயில் இருந்து தெமோதரைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கட் இரண்டு, அவ்வளவுதான்.

பயந்தது கோச்சியில் ஏறுவதற்குத்தான். மேடை பதிவு, படி உயரம். ராத்தா இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கை நீட்டியது, பின்னால் தம்பி. பிஸ்மில்லாஹ் என்று ஒரு இழுவை. ஏறியாச்சு. கோச்சி பாலத்துக்கு வந்தபோது இரண்டு பக்கச் சரிவிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள், எல்லார் கையிலும் ஃபோன். ஜன்னல் நிறைய ராத்தாவின் முகம். எந்தெந்த நாட்டில் எத்தனை பேருடைய ஃபோனில் ராத்தா இப்போது கை காட்டிக்கொண்டிருக்கிறாவோ! குடும்ப ஃபோட்டோ எடுக்கும்போதுகூட யாருடையவாவது பின்னுக்குப் போய் நிற்கிற மனிசி.

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நின்றோம். நாங்கள் வந்த அதே கோச்சி மலையைச் சுற்றி வளைந்து கீழே போய், கொஞ்ச நேரத்தில் நாங்கள் நிற்கிற ஸ்டேஷனுக்கு அடியிலே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்தது. இவ்வளவையும் பார்க்க ஒரு படி ஏறத் தேவையில்லை. பாடப் புத்தகத்தில் படித்துக் கொடுத்தது, நாங்கள் கண்ணால் பார்க்க இத்தனை வயது ஆனது.

இரண்டாம் நாள்தான் நாங்கள் வந்த விஷயம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் வெளிக்கிட்டோம். கட்டை அபாயா, உள்ளே ஒட்டினாற்போல ஒரு பருத்திக் காற்சட்டை (தொடை உரசல் புண் வருகிறவர்களுக்கு இது மட்டுமே மருந்து), முழங்காலுக்குச் சித்தாலேப. ராத்தாவுக்குப் பெண்கள் சப்பாத்து எதுவும் காலுக்கு அடங்குவதில்லை. பஸாரில் ஆம்பிளைச் சப்பாத்து ஒன்று வாங்கியிருந்தோம், நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது. ஒரு ஓட்டோவில் இரண்டு பேரும் ஏறலாமா என்று தயங்கி நிற்க, வயசான ட்ரைவர் சிரித்தார். "கேஸ் சிலிண்டர் ஏத்திக்கொண்டு இந்த ஏத்தம் ஏறுகிற வண்டி நோனா, ஏறுங்கோ." சிலிண்டர் என்றதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் உள்ளே வரைக்கும் ஓட்டோ போகும். இதைத்தான் நாங்கள் இரண்டு வருடத்துக்கு முந்தி யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருவதும் முதலில் தேயிலைக்கு நடுவே சாதாரண பாதைதான். படிகள் கடைசிப் பகுதியில்தான் தொடங்கும். கொழுந்தெடுக்கப் போன ஒரு பெண் எங்கள் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தா. "நேரா ஏறாதீங்க அக்கா. பக்கவாட்டுல கால வச்சு ஏறுங்க. சாக்கு நெறய கொழுந்தோட நாங்க அப்படித்தான் ஏறுவோம்" என்று தானே இரண்டு அடி ஏறிக் காட்டினா. எங்களுக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். நல்ல பயிற்சி.

பத்துப் படி, பிறகு இருந்து மூச்சு வாங்குவது. இன்னும் பத்து. வெள்ளைக்காரர்கள் ஹலோ சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். பாதி தாண்டியிருப்போம், பின்னால் பொடியன்மார் கூட்டம் ஒன்று வந்தது. "மலைக்கு மேல மலை ஏறுதுடா." சிரிப்பு. எங்கள் பக்கத்துப் பேச்சு. எங்கள் ஊராகக்கூட இருக்கலாம். யார் பிள்ளை என்று முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களிடம் படித்த பிள்ளையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ராத்தா அப்படியே கல்லில் இருந்துவிட்டா. அழவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு சொன்னா, "அண்டைக்கு நாம அந்தப் புள்ளயக் காப்பாத்தல்ல. இத நாம கேக்கக் கூடாதெண்டுதான் அவளயும் பஸ்ஸுல வெச்சிரிக்கம்."

இதற்குப் பதில் இருக்கவில்லை. அவள் தனியாக ஏறிப் போயிருந்தால், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் இருந்திருப்போம். ஏன் இருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் கூட இருந்ததால், பிள்ளைக்குத் துணையாக இருக்கிறோம் என்று ஆனது. பதின்ஐந்து வயதுப் பிள்ளையை எங்களுக்குத் திரையாகப் பிடித்திருக்கிறோம்.

பத்து நிமிடம் கழித்து ராத்தா எழும்பினா. கீழ்ப் பக்கம் திரும்புவா என்று நினைத்தோம். மேலே போனா.

புத்தர் சிலை இருக்கிற முதல் உச்சி வரைக்கும் ஏறினோம். மற்ற ஆட்கள் முக்கால் மணித்தியாலத்தில் ஏறுவதற்கு எங்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதிரே எல்ல மலை, நடுவே பள்ளம், அதற்கப்பால் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி மங்கலாக. 1,141 மீற்றர் என்கிறார்கள். அதற்கப்பால் இருக்கிற அடுத்த உச்சிக்குப் போகவில்லை, ஏலவும் ஏலாது. எல்ல மலைக்கும் போகவில்லை. அது மணிக்கணக்கான நடை, எங்களுக்குரியது அல்ல, ஆசையும் இல்லை. இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராத்தாவின் முழங்கால் மூன்று நாள் வீங்கி இருந்தது. போகிற வழியில் இராவணா நீர்வீழ்ச்சியில் வேனை நிறுத்தி, ரோட்டு ஓரத்தில் நின்றே ஆசை தீரப் பார்த்துவிட்டு வீடு வந்தோம்.

"மெலிய வேண்டியதுதானே டீச்சர்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: டொக்டர் சொல்கிறார், மாத்திரை குடிக்கிறோம், கடற்கரையில் நடக்கிறோம். அது ஒரு பக்கம் நடக்கட்டும். அதுவரைக்கும் பாலம் காத்துக்கொண்டு நிற்கலாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பத்தாம் ஆண்டு காத்துக்கொண்டு நிற்காது.

அடுத்த ட்ரிப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே ஏறத் தொடங்குவதென்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். ஆறுதலாக ஏறுகிறவர்கள் முதலில் போவார்கள், நாங்கள் அவர்களோடு. ஏலாதவர்கள் கை உயர்த்துங்கோ என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கிற பழக்கம் இனி இல்லை. அதோடு, நிறை பார்க்கிற நாளில் வகுப்பில் கிலோவைச் சத்தமாக வாசித்து எழுதுகிற பழக்கத்தையும் நிறுத்தியிருக்கிறோம். நாங்களும் வாசித்தவர்கள்தான். படி இல்லாத அந்த ரூமின் விபரம் தேவையானவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள்.

போன கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். இப்போது உயர்தரம் படிக்கிறாள். "அண்டைக்கு நாங்க செஞ்சது பிழ மகள்" என்றோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் மறந்திட்டன் டீச்சர்" என்றாள். மறக்கவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். ராத்தா உச்சியில் நிற்கிற படத்தைக் காட்டினோம். ஃபோனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, கீழே கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

"டீச்சர், இந்தச் சப்பாத்து எங்க வாங்கின?"