நீலத் துளி

கோடம்பாக்கத்துக்காரர்களுக்குத் தோல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முகம்தான். படப்பிடிப்பு நிலையங்களைச் சுற்றி வளர்ந்த எங்கள் தெருக்களில் ஒப்பனைக் கலைஞர்கள் பலர் குடியிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான பெரியவரின் மொட்டைமாடியில்தான் நாங்கள் நான்கைந்து நண்பர்கள் மாதந்தோறும் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசிவருகிறோம். ஸ்பிரிட் கம், பஞ்சு, சிவப்புச் சாயம் இவற்றைக் கொண்டு அரைமணி நேரத்தில் ஒரு வெட்டுக்காயத்தை உண்டாக்கிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பேக்கப் சொன்னதும் தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் துடைத்தும்விடுவாராம்.

அவருடைய வலதுகாலில் வந்த சர்க்கரைப் புண் ஆறாமல் நின்றபோது எங்கள் கூட்டங்களின் பேசுபொருள் மாறிப்போயிற்று. வெளிநாட்டிலிருந்து அவர் பேத்தி ஒரு சிறு புட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே மயில்கழுத்து நீலத்தில் ஒரு திரவம். தாமிரப் பெப்டைடு கலந்த முகப்பூச்சு. "தோலைப் புதுப்பிக்கும்னு போட்டிருக்கே, காலும் தோல்தானே? படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

படித்தோம். 1973-இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கல்லீரல் செல்களின் ஆயுளை நீட்டிக்கும் ஒரு பொருளை மனித இரத்தநீரில் இனங்கண்டார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சின்னஞ்சிறு சரம் அது. சுருக்கமாக ஜி.எச்.கே. தாமிர அயனியை இறுகப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. நீலநிறம் அந்தப் பற்றுதலால் வருவது. இருபது வயதில் ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 200 நானோகிராம் இருக்கும் இது, அறுபதில் 80 ஆகக் குறைகிறது என்று எழுதியிருக்கிறார் பிக்கார்ட்.

1988-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், இந்தத் தாமிரக் கூட்டு சேர்ந்ததும் வளர்ப்புத்தட்டிலிருந்த தோல்செல்கள் கூடுதலாகக் கொலாஜன் உண்டாக்குவதைக் கண்டார்கள். இதே மூன்று கண்ணிகள் கொலாஜன் இழை ஒன்றிலும் வரிசையாக இருக்கின்றன. காயத்தில் இழை சிதையும்போது இத்துணுக்கு விடுபட்டுப் பழுதுபார்க்க ஆளழைக்கிறது என்பது அவர்களது கருதுகோள். கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் தாமிரமின்றி இயங்காது.

கொலாஜனின் கதையில் ஒரு பெரிய அத்தியாயம் எங்களுக்கு வெகு அருகிலேயே எழுதப்பட்டது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த சுருள் என்று முன்வைத்தார்கள். மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினார்கள். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் அந்த மூவிழைச் சுருளின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்நிறுவனத்து ஆய்வாளர்கள் பயோட்டின் இணைத்த ஜி.எச்.கே.யைக் கொலாஜன் படலத்தில் ஏற்றி எலிகளின் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2005-இல் சாதாரணக் காயத்துக்கும், 2007-இல் நீரிழிவு எலிகளின் காயத்துக்கும் முடிவுகள் வெளியாயின. இரண்டிலும் புண் விரைவாக மூடியிருந்தது.

நீரிழிவு என்ற சொல்லைக் கண்டதும் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லிமுடியாது. ஆனால் மேலே படிக்கப் படிக்க அது வடிந்தது. எலியின் புண் பெரும்பாலும் தோல் சுருங்குவதாலேயே மூடிக்கொள்கிறது. மனிதப் புண் புதுத்திசு வளர்ந்து நிரம்பவேண்டும். 1994-இல் அமெரிக்காவில் நீரிழிவுப் புண் கொண்ட நோயாளிகளிடம் நடந்த சோதனை ஒன்று நம்பிக்கை தந்தது. ஆயினும் தாமிரப் பெப்டைடு உலகில் நிலைபெற்றது முகப்பூச்சாகத்தான். இதற்கிடையில் உறவினர் ஒருவர் பச்சைநிற மத்தன் தைலத்தோடு வந்தார். ஊமத்தையிலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்ந்த சித்த மருந்து அது. மயில்துத்தமும் தாமிர உப்பே. பெரியவரின் கட்டிலருகே இரண்டு தாமிரங்கள் காத்துநின்றன.

மருத்துவர் இரண்டையும் கையில் வாங்கவில்லை. பாதத்தில் விரல்வைத்து நாடி பார்த்தார். "மேல என்ன போடுறதுங்கிறது அப்புறம். ரத்தம் கீழ வரைக்கும் போகுதா, சர்க்கரை இறங்குதா, காலை ஊன்றாம இருக்காரா? முதல்ல இந்த மூணு" என்றார். முகத்துக்கென்று செய்த பூச்சு, திறந்த புண்ணுக்கு வேண்டிய கிருமிநீக்கத்தோடு செய்யப்பட்டதல்ல என்றும் விளக்கினார். பெரியவர் குறுக்கே பேசவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவில், "முகத்துக்குப் போடுறது ஷாட் முடியுற வரைக்கும் நின்னாப் போதும். கால் அப்படியில்லையே" என்றார்.

சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. பாதம் தப்பியது, புண் மூட ஐந்து மாதங்கள் ஆயின. மூடிய தோல் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் எட்டுவதில்லை என்பதால் இன்றும் இரவுதோறும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

அந்த மூன்று அமினோ அமிலங்கள் பொய்யல்ல. அவை ஆளழைக்கக்கூடும், ஆனால் வரவேண்டிய ஆட்கள் இரத்தத்தின் வழியாகத்தான் வந்தாகவேண்டும். தட்டிலிருந்து எலிக்கும் எலியிலிருந்து மனிதனுக்கும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடக்கும் தூரத்தைப் புட்டியின் மேலுறை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. ஆறாத புண்ணோடு ஒருவர் உள்ள வீட்டில் அந்த ஒரு வரியை நம்பிக் கழியும் வாரங்கள், ஒரு விரலாகவோ ஒரு பாதமாகவோ கணக்கில் வரக்கூடும்.