கடைமடைக்கும் அதே சொட்டு

ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம், மஞ்சள் நடவுக்குத் தயாராக இருந்த ஒரு காட்டில் சொட்டுநீர்க் குழாய் போட வந்தவர்களோடு ஒரு பகல் முழுக்க இருந்தேன். இரண்டு ஏக்கர். போர் தண்ணீர்தான், வாயில் விட்டால் உப்புக் கரிக்கும்.

அவர்களில் மூத்தவர் குழிக்குள் குந்தி, கிளைக் குழாயான சப்-மெயினில் டிரில் போட்டுக்கொண்டு வந்தார். பிவிசி துருவல் வெள்ளையாகச் சுருண்டு விழுந்தது. பாத்தியில் ஓடும் லேட்டரல் குழாயை மாட்டுவதற்கு முன்பே மோட்டாரைப் போடச் சொன்னார். கடைசி வால்வு திறந்திருக்க, துளைகளில் எல்லாம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அது தெளியும்வரை அவர் அசையவில்லை. “துருவல் ஒண்ணு உள்ள போய் அடைச்சாப் போதுங்க, அந்த எடத்துல செடி காஞ்சிரும்.”

பிறகுதான் துளைக்குத் துளை ரப்பர் குரோமெட் வளையம், அதில் லேட்டரலை இணைக்கும் டேக்-ஆஃப். இளைஞர்கள் இருவர் 16 மி.மீ. குழாய்ச் சுருளைக் கம்பில் கோத்து, பாத்தி நெடுக உருட்டிக்கொண்டே போனார்கள். சொட்டுத் துளை வானம் பார்த்திருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இருந்தால் வண்டல் தங்கிவிடும். இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வாகவும் விட்டார்கள், வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் குழாய் அது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வேலை. மேட்டில் முதல் சொட்டுவானுக்கும் கடைமடையில் கடைசிச் சொட்டுவானுக்கும் அடியில் அளவு டம்ளர் வைத்தார்கள். மணிக்கு 4 லிட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 67 மில்லி. கடைமடையில் குறைந்தது, வால்வைத் திருகி மறுபடி பிடித்தார்கள். சொட்டுநீரின் சிக்கனம் இந்தச் சமத்தில்தான் இருக்கிறது. கடைசிச் செடிக்கு எட்டவில்லை என்றால் மோட்டாரைக் கூடுதலாக ஓட்டுவோம், மேட்டுச் செடிக்குத் தண்ணீர் வீணாகும்.

இஸ்ரேலில் சிம்கா பிளாஸின் யோசனையை வைத்து, ஹட்செரிம் கிப்புட்ஸில் 1965இல் தொடங்கிய தொழில் இது. இன்று தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. குழாய் வந்து சேர்ந்துவிடுகிறது. பராமரிப்பு வந்து சேர்வதில்லை.

அந்தக் காட்டில் தண்ணி கட்டுகிற அக்கா, ராத்திரி கரண்ட் வரும்போது மண்வெட்டியோடு மடை திருப்பியவர். பக்கத்துத் தோட்டத்துப் பழைய குழாயை எனக்குக் காட்டினார். துளைகளைச் சுற்றி வெள்ளை உப்புப் படிவு, இடையிடையே அணில் கடித்த ஓட்டை. மூத்தவர் அவரை ஃபில்டர் பக்கம் கூட்டிப்போய் வட்டுகளைக் கழற்றிக் கழுவிக் காட்டினார். “உப்பு கட்டினா ஆசிட் விடணும்க்கா. தண்ணியில ஆசிட்டத்தான் ஊத்தணும், ஆசிட்டுல தண்ணிய ஊத்தவே கூடாது. குழாயில ஒரு நாள் நிக்கட்டும், அப்பறம் எண்ட் கேப்பக் கழட்டி அலசி விட்ருங்க.”

இதைச் சொல்லிக்கொடுத்ததற்கு அவருக்குத் தனிக் கூலி இல்லை. குழாய் போட்ட ஏக்கருக்குத்தான் கணக்கு. அடுத்த வருடம் இதே கைகள் வந்து கடைமடையில் டம்ளர் வைத்துப் பார்க்கவும் மானியத்தில் கூலி ஒதுக்க வேண்டும். அந்த அக்காவுக்கும் கையுறையோடு முறையான பயிற்சி தர வேண்டும்.