குண்டா என்று ஒரு கொஞ்சல்

எனக்கு ஸ்பானிஷ் சொல்லித் தரும் அர்ஜென்டினா வாத்தியார், முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பார். போன வாரம் வீடியோ வகுப்பின் நடுவில் அவருடைய அம்மா எட்டிப் பார்த்து, "கோர்தோ, மாத்தே குடிக்கிறாயா?" என்றார். கோர்தோ என்றால் குண்டன். சந்தேகப்பட்டு அகராதியைப் புரட்டினேன். குண்டன்தான். வாத்தியார் கூச்சமே இல்லாமல் மாத்தே சுரைக்குடுக்கையை வாங்கி, குழலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கைக்குழந்தையில் கொழுகொழுவென்று இருப்பேனாம். சதை போய்விட்டது, பெயர் போகவில்லை."

பாடப்புத்தகக் கொஞ்சல்கள் வேறு ஜாதி. மி சியெலோ, என் வானமே. மி வீதா, என் உயிரே. வீதா பெண்பால் சொல். மீசை வைத்த புருஷனும் மி வீதாதான். எனக்கென்னவோ இவையெல்லாம் நகைக்கடை விளம்பரம் மாதிரிப் படுகின்றன. வாத்தியார் ஊரில் நிஜமாக உருகும்போது வாயில் வருவது வசவு. ஆணென்றால் கோர்தோ, பெண்ணென்றால் கோர்தா. ஒல்லி என்பதற்கு ஃபிளாக்கோ. வியேஹா என்றால் கிழவி. அது பெற்ற தாயை! பிறகு நெக்ரோ, கறுப்பன்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் உருகுவே வீரர் எடின்சன் கவானி மாட்டிக்கொண்டார். 2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 2 கோல் போட்ட அன்று, வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் "கிராசியாஸ், நெக்ரீத்தோ" என்று எழுதினார். நன்றிடா கறுப்பா, அவ்வளவுதான். 'இத்தோ' என்ற விகுதி சொல்லைக் குழைத்துக் குட்டியாக்குவது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 3 ஆட்டத் தடையும் 1 லட்சம் பவுண்டு அபராதமும் போட்டது. உருகுவே மொழிக் கழகம் கொதித்தது. அந்தச் சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்களுக்கு நெஞ்சு எரிந்தால் அதுவும் நியாயம்தானே. பாவம், மனிதர் வீட்டுக் கைலியோடு அடுத்த ஊர்க் கடைத்தெருவில் இறங்கிவிட்டார்.

சிலே கவிஞர் நெரூதாவைப் பாருங்கள். காதல் கவிதை என்றால் உலகமே அவர் பெயரைத்தான் சொல்லும். ஆனால் 20 வயது மூத்த மனைவி தெலியா தெல் கார்ரிலுக்கு அவர் வட்டாரத்தில் வழங்கிய பெயர் எறும்பு. ரகசியக் காதலி மத்தில்தே உருத்தியா, சஸ்கோனா. கெச்சுவா மொழியிலிருந்து சிலே பேச்சுக்கு வந்த சொல். பரட்டைத்தலை என்று பொருள். 1953-இல் சாந்தியாகோவில் குன்றடியில் மத்தில்தேக்காக நெரூதா கட்டத் தொடங்கிய வீட்டுக்கும் 'லா சஸ்கோனா' என்றே பெயர் வைத்தார். பரட்டை இல்லம்! ஓவியர் தியெகோ ரிவேரா மத்தில்தேயை வரைந்த படம் அங்கே இருக்கிறது. அந்தச் செம்பட்டை முடிக்குள் நெரூதாவின் பக்கவாட்டு முகம் ஒளிந்திருக்கும், தேடினால்தான் அகப்படும்.

1973 செப்டம்பரில் சிலேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வீடு சூறையாடப்பட்டது, தண்ணீர் புகுந்தது. சில நாளில் நெரூதா இறந்தார். உடைந்த கண்ணாடிக்கும் சேற்றுக்கும் நடுவே, அதே வீட்டில் உடலைக் கிடத்தி மத்தில்தே இரவெல்லாம் கண்விழித்தார். பிறகு வீட்டைச் செப்பனிட்டு, 1985-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இப்போது அது மியூசியம். டிக்கெட் வாங்குகிற எவரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்கிறார்கள். நான் போனால் விரலை நீட்டி, "அந்த வீட்டுக்கு ஒன்று" என்றுதான் கேட்பேன்.