யாருடைய வழு?

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் மறுபடி வெளியிடவும் உரிமை தரும் மென்பொருள். அந்த உரிமை உரிம ஆவணத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அதைப் பயன்படுத்தும் வழி நடைமுறையில் அவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்பதை இந்திய மொழிகளைக் கணினியில் எழுதுவோர் நன்கு அறிவர். கொல்கத்தாவில் ரவீந்திர சரோபர் ஏரியின் தென்புறம், ரயில் பாதையைத் தாண்டி அமைந்த லேக் கார்டன்ஸ் இதை எண்ணிப் பார்க்கத் தக்க இடம். ஏரிக்கு வடக்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் அந்த வட்டாரத்தில், தமிழும் வங்காளமும் ஒரே கணினியில் தட்டச்சாவது புதுமையன்று.

அவ்வட்டாரத்து லேக் டெம்பிள் ரோட்டில் ஒரு காலத்தில் குடியிருந்த சத்யஜித் ராயின் பெயரையே சான்றாகக் கொள்ளலாம். வங்க எழுத்தில் ‘சத்யஜித்’ என்பதன் ஈற்றில் நிற்பது ‘கண்ட த’ எனப்படும், உயிரேறாத தகரத்துக்குரிய தனி வடிவம். உலக எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு தரம், 2005-இல் வெளியான 4.1 பதிப்பில்தான் இதற்குத் தனி இடம் தந்தது; அதற்கு முன்பு தகரம், அதன் உயிரை நீக்கும் ஹசந்தக் குறி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் அடுக்கியே அது எழுதப்பட்டது. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. பழைய முறையில் தட்டச்சான கோப்பில் புதிய முறையில் தேடினால், தேடல் நிரல் இரண்டையும் இணைக்கக் கற்பிக்கப்படாதவரை, ராய் அகப்படமாட்டார். தமிழும் தப்பவில்லை. அதே 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்த பிறகு, ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தை ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் ஆக்க முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தோன்றுவதால், ஸ்ரீநிவாசன் ஒருவரே உறுப்பினர் பட்டியலில் இருவராகிவிடுகிறார்.

இக்குறையைக் கண்டவர் எங்கே போய் முறையிடுவது என்பதில்தான் சலிப்பு தொடங்குகிறது. விசைப்பலகை மென்பொருள் ஒரு திட்டம், எழுத்துரு இன்னொரு திட்டம், தேடல் நிரல் வேறொன்று. எழுத்துகளைக் கோத்து உரிய வடிவில் அமைத்துத் தரும் பொறியோ தனி. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் யாவற்றிலும் இவ்வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற பொறி, பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானிய-கனடியர் முதன்மையாக நின்று வளர்த்தது. பிழையை விவரித்துத் திட்டத்துக்கு அனுப்பும் குறிப்பை வழு அறிக்கை என்பர். எழுத்துருக்காரர் அது பொறியின் வழு என்பார். பொறிக்காரர் விசைப்பலகையைக் காட்டுவார். விசைப்பலகைக்காரர் யூனிகோடு தரத்தை எடுத்து நீட்டுவார். அவரவர் அளவில் ஒவ்வொருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. இதற்கிடையே புதிய பதிப்பு வந்துவிட்டால், பழைய பதிப்பின் மீதான அறிக்கைகளைக் கேள்வியின்றி மூடிவிடும் வழக்கமும் சில திட்டங்களில் உண்டு.

எனினும் பராமரிப்பாளரை, அதாவது வரும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பாளரை, மட்டும் குறை சொல்வது நியாயமன்று. வங்கமோ தமிழோ படிக்கத் தெரியாத ஒருவர், தாம் சரிபார்க்க இயலாத திருத்தத்தை நம்பி ஏற்பதில் உள்ள ஆபத்து கற்பனையன்று. லினக்ஸ் கணினிகள் பெரிதும் நம்பியிருந்த எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலை, ஃபின்லாந்தின் லாசே காலின் ஊதியமின்றி ஏறத்தாழத் தனியாளாகக் கவனித்துவந்தார். வேலை தாமதமாகிறது என்று அவரைச் சிலர் நெருக்கினர். ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்தவர் மெல்ல நம்பிக்கை பெற்றுப் பொறுப்பிலும் அமர்ந்து, நிரலுக்குள் கள்ள வாயில் ஒன்றை நுழைத்தார். தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கவனித்ததால் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது.

தன்னார்வலர் உழைப்பு சிதறுவது வேறொரு தொல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் வங்கப் பெயர்ப்பு இந்தியாவுக்கு ஒன்றும் வங்கதேசத்துக்கு ஒன்றுமாக நெடுங்காலம் தனித்தனியே நடந்து, பின்னரே ஒன்றாக்கப்பட்டது; தமிழிலும் இலங்கைக்கெனத் தனிப் பெயர்ப்பு இருந்தது. ஆட்கள் குறைவான மொழிக்கு இது கட்டுப்படியாகாது.

எழுத்தையும் நிரலையும் சேர்த்து அறிந்தவர்கள் மிகச் சிலர்; அச்சிலரும் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் இதைச் செய்கின்றனர். இம்மென்பொருளை விலையின்றிப் பயன்படுத்தும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தாதவரை உரிமம் ஏட்டளவில்தான் நிற்கும். பயனரும் ஒன்று செய்யலாம்: வழு அறிக்கையில் திரையைப் படம்பிடித்து மட்டும் அனுப்பாமல், சிக்கலான சொல்லை நகலெடுத்து ஒட்டி, எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றின் பெயரையும் பதிப்பையும் சேர்த்து அனுப்பலாம்; ஏனெனில் படத்தில் எழுத்தின் குறியீடு தெரியாது.