தாலி கட்டிய பிறகு தொடங்கும் வேலை

திருமணப் புகைப்படக்காரரின் பிழைப்பு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும் என்பார்கள். காரணம் கேட்டால் கைப்பேசியைச் சொல்வார்கள், போட்டியைச் சொல்வார்கள். மதுரை வட்டாரத்து மண்டபங்களில் அவர்கள் படமெடுப்பதையும், பிறகு ஸ்டுடியோக்களில் நடக்கும் வேலையையும் கவனித்துப் பார்த்ததில் நான் வேறொரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தத் தத்தளிப்புக்கு முதல் காரணம் நாம் கூலி தரும் முறை. மண்டபத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றரை நாளுக்கு விலை பேசுகிறோம். அதன் பிறகு வாரக்கணக்கில் நடக்கும் உழைப்பு அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

கண்ணுக்குத் தெரியும் வேலையே லேசானதல்ல. மாலை வரவேற்பில் மேடையேறும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி எடுத்து முடிக்க இரவு பதினொரு மணி ஆகிவிடும். ஆறு மணி முகூர்த்தம் என்றால் விடிகாலை நான்கு மணிக்கே மணமகள் அறை வாசலில் நிற்க வேண்டும். இடையில் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு ஜமுக்காளத்தில் கண்ணயர்வதுதான் தூக்கம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் முன்வரிசை மொத்தமும் எழுந்துவிடும். அட்சதை போட ஓங்கிய கைகள், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள், ஓமப்புகை, ஒரே முகத்தில் வீடியோ விளக்கின் மஞ்சளும் எல்இடி திரையின் நீலமும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் நாத்தனாரின் கை குறுக்கே வரும். அந்தச் சில நொடிகளில் புகைப்படக்காரர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஃபோகஸ் புள்ளியை மணமகளின் கண்ணில் நிறுத்தி, கூட்டத்தின் தள்ளலைத் தோளில் வாங்கிக்கொண்டு எடுக்கிறார். முகூர்த்தத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதியும் கேமராவைக் கடன் வாங்கியாவது வாங்குகிறார்கள்.

ஆனால் பெரும்பகுதி உழைப்பு இதற்குப் பிறகுதான். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். யாஷிகா பெட்டிக் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 தான். செலவுக்கு அஞ்சி எண்ணி எடுத்தார்கள். கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவது லேபின் பொறுப்பாக இருந்தது. இன்று ஒரு திருமணத்தில் 3,000 படம் எடுப்பது சாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு சுமார் 25 எம்பி என்றால், மொத்தம் 75 ஜிபி. அதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, கண் மூடியவற்றை நீக்கி, ஒவ்வொன்றாக நிறம் திருத்த வேண்டும். பிறகு செலக்‌ஷன். பெண் வீட்டார் ஒரு பட்டியல் அனுப்புவார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னொன்று. இரண்டையும் 40 ஷீட், அதாவது 80 பக்க ஆல்பத்துக்குள் அடக்கிய பிறகு, ஒரு சித்தப்பா விட்டுப்போனது தெரியவரும், வடிவமைப்பு மறுபடி முதலிலிருந்து. மண்டபம், சமையல், மேளம் ஆகியவற்றின் கணக்கு அன்றே தீர்ந்துவிடும். புகைப்படக்காரரின் பாக்கி மட்டும் ஆல்பம் கைக்கு வரும்போது என்று நிற்கும். பட்டியல் தருவதை வீட்டார் தள்ளிப்போட்டால் பாக்கியும் தள்ளிப்போகும். ஆல்பம் தயாரான பிறகும் வாங்க வராத வீடுகள் உண்டு. லேபுக்கான பணத்தை அவர் ஏற்கெனவே கட்டியிருப்பார்.

இந்த முறையின் கொடுமையை நாட்காட்டி கூட்டுகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்துத் திருமணங்கள் பொதுவாக இல்லை. பெரிய முகூர்த்த நாளிலோ மூன்று வீடுகள் ஒரே நேரத்தில் அழைக்கும், ஒன்றுக்குத்தான் போக முடியும். கேமராவின் மாதத் தவணைக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். 2020 ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தபோது, கையிருப்பில்லாத இந்தத் தொழில் எவ்வளவு சீக்கிரம் நொறுங்கும் என்பது தெரிந்தது. வீட்டுக்குள்ளும் இதன் விலை உண்டு. சொந்தபந்தத்தில் கல்யாணம் விழுவதும் அதே முகூர்த்த நாளில்தான். ஒப்புக்கொண்ட ஆர்டருக்குப் போனால் மனக்கசப்பு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலோ கேமராவோடு வரச் சொல்வார்கள், கூலி கேட்பது மரியாதைக்குறைவாகிவிடும்.

எல்லோர் கையிலும் நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்கும்போது இந்தத் தொழில் தேய்வது இயல்புதானே என்று கேட்கலாம். கைப்பேசி எடுப்பது எடுத்தவருக்குப் பிடித்த கணத்தை. இரு வீட்டாரையும் விடாமல், சடங்கின் வரிசை பிசகாமல் எடுத்து, முப்பது ஆண்டு கழித்தும் கிடைக்கும்படி காப்பது ஒருவர் பொறுப்பேற்றால்தான் நடக்கும். அந்தப் பொறுப்புக்குத்தான் பணம். லட்சக்கணக்கில் வாங்குகிறார்களே என்பது அடுத்த கேள்வி. அந்தத் தொகையில் துணைக் கேமராமேன், வீடியோ எடுப்பவர், டிரோன் இயக்குபவர், எடிட்டர், டிசைனர், லேப் என எல்லோருடைய பங்கும் இருக்கிறது. பெருந்தொகை பேசும் நிறுவனங்கள் நகரத்தில் சில. சிற்றூர் ஸ்டுடியோக்காரரின் நிலை அதுவல்ல.

மூன்றாவது எதிர்ப்பு வலுவானது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஓராண்டு கழித்தும் ஆல்பம் தராதவர்கள் இருக்கிறார்கள். உண்மை. அந்த வீட்டாரின் வேதனைக்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் தாமதத்தின் வேர் பல இடங்களில் அதே கூலி முறைதான். பழைய திருமணத்தின் வேலையை முடிக்கக் கையில் பணமில்லாதவர் புது முன்பணத்துக்காக அடுத்த ஆர்டரை ஒப்புக்கொள்கிறார், முந்தைய ஆல்பம் பின்தங்குகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்துக்குப் போகலாம். பாக்கி வராத கலைஞருக்கு அப்படி எளிய வாசல் இல்லை. படத்தின் உரிமையிலும் அவர் கை தாழ்ந்தே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பணம் கொடுத்தவரே. தன் திறமையைக் காட்ட ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போடவும் புகைப்படக்காரர் அவரிடம் சம்மதம் கேட்டாக வேண்டும். ஒரு பெண்ணின் படம் எங்கே போகும் என்பது அவள் கவலை என்பதால் அந்தச் சம்மதம் நியாயமானது. அதையும் முன்பே எழுதிக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

ஆகவே தேவைப்படுவது வாய்ப்பேச்சுக்குப் பதில் ஒரு பக்க ஒப்பந்தம். தேதி பதிவு செய்யும்போது ஒரு பங்கு, முகூர்த்தத்தன்று பெரும்பங்கு, ஆல்பத்துக்கென்று தனியாக ஒரு சிறு பங்கு. வீட்டார் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தர ஒரு கெடு, அது முடிந்த நாளிலிருந்து ஆல்பம் தர அவருக்கொரு கெடு. எத்தனை திருத்தம் இலவசம், எத்தனை ஆண்டு கோப்புகளைக் காப்பார் என்பதும் அதில் இருக்கட்டும். இதனால் மார்கழியில் கல்யாணம் வந்துவிடாது, கண்ட நேரத்தில் கண்விழிக்கும் உடல்வலியும் தீராது. ஆனால் செய்து முடித்த வேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறும். அந்த மாற்றத்துக்கு அரசாணை வேண்டியதில்லை. சமையல்காரருக்கு அன்றே கணக்கு முடிக்கும் அதே வீட்டார், இவருக்கும் அப்படியே முடிப்பது என்று தீர்மானித்தால் போதும்.